பன்னிரண்டாவது கை

மாதத்தின் முதல் ஞாயிறு மாலை மாமல்லபுரம் கடற்கரையில் நாங்கள் பதினொரு ஆண்கள் கூடுவோம். விலையுயர்ந்த வெளிநாட்டுக் கைக்கடிகாரங்களின் டூப்ளிகேட்டுகளைச் சேர்ப்பது எங்கள் பைத்தியம். சிறுசேரியில் கம்ப்யூட்டர் அலுவலகங்கள் வந்த புதிதில், அங்கே வேலைபார்த்த ஒரு பெண்மணியும் வரத் தொடங்கினார்.

மெலிந்த மணிக்கட்டில் ஆண்கள் கட்டும் பெரிய வாட்ச். எதைக் கொடுத்தாலும் முதலில் காதில் வைத்துக் கேட்பார், பிறகுதான் முகப்பைப் பார்ப்பார். ஓசையை வைத்தே ஒன்பது முறை தரம் சொன்னார். ஒன்பதும் சரி.

“இன்னா மேடம், வூட்டுக்காரருக்கு வாங்கிகினு போறீங்களா?” என்று சீண்டினார் ஆட்டோ ஓட்டும் நண்பர்.

“அவரு மணி கேக்கறதே என்கிட்டதான் அண்ணாத்த. இது எனக்கு!”

எல்லோரும் சிரித்தோம்.

கலையும் முன் இடக்கைகளை வட்டமாக நீட்டி, வாட்ச்சுகள் தெரியப் படம் எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். நான்கு மாதம் பஸ்ஸுக்காக முன்பே கிளம்பியவர், ஐந்தாம் மாதம் பஸ்ஸை விட்டுவிட்டு அதற்காகவே நின்றார். வழக்கமாகப் படம் எடுத்துத் தரும் இளநீர்க்காரர் அன்று வரவில்லை. வெளிச்சம் போகிறதே என்று எனக்குப் பதற்றம். பிலிமில் மூன்று படம்தான் பாக்கி.

“மேடம், நீங்க எடுத்துக் குடுத்துடுங்களேன்” என்றேன்.

“கையை ஆட்டாதீங்க சார்” என்று மட்டும் சொல்லி, மூன்றையும் எடுத்துக் கொடுத்தார்.

அதன்பின் அவர் வரவில்லை. வருத்தம் தெரிவிக்கப் பதினான்கு மாதம் அந்த ஞாயிறுகளில் காத்திருந்தேன். வெளிச்சத்தின் மேல் பழிபோட முடியவில்லை. அன்று வட்டத்துக்குள் அவர் கையும் நீண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் நான் கேமராவை நீட்டினேன்.