மெட்ரோவில் நரம்பு பார்த்த மகள்

நர்சிங் கடைசி வருஷம் படிக்கும் என் மகள், இன்று தில்லியில் முனிர்கா போகும் மெட்ரோவில் எதிர் சீட்டுக்காரரின் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் நெளிந்தார். "க்யா ஹுவா, பேட்டா?" என்னம்மா ஆச்சு என்று கேட்டார்.

"உங்க நரம்பு சூப்பரா இருக்கு அங்கிள்" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டாள். எனக்கு மானமே போயிற்று.

அவரோ சிரித்தபடி சட்டைக்கையை மடித்து நீட்டினார். "அச்சா, தேக் லோ." சரி, பார்த்துக்கோ என்றார்.

போன செய்முறைத் தேர்வில் ஊசி போட நரம்பு கிடைக்காமல் ஃபெயிலாகி, அழுதுகொண்டே வீடு வந்தவள் இவள். இன்று நரம்பு புடைக்கத் துப்பட்டாவை அவர் கையில் கட்டி, ஒரு விரலால் தடவி, "இங்கதான்மா" என்று என்னிடம் காட்டினாள்.

பக்கத்து சீட்டுப் பெண்மணியும் வளையலை மேலே தள்ளிக் கையை நீட்டினார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

திங்கட்கிழமை மறுதேர்வு. அதற்குள் குண்டுக் கைக்காரர்கள் யாராவது வீட்டுக்கு வந்தால் காபி உண்டு. சுலபமான நரம்பெல்லாம் அவளுக்கு இப்போது போரடிக்கிறதாம்.