பெட்ரோல் மூடியில் ஒரு பொட்டு

பிரான்சுக்குக் குடிபோன ஒரு குடும்பத்திடமிருந்து எழுபதுகளின் நடுவில் பெரியப்பா அந்தக் காரை வாங்கினார். அது பெரியம்மாவைவிட ஒரு வயது மூத்தது. ஆறு மாதமாகப் பெரியம்மா அதில் காலே வைக்கவில்லை. விழிதியூரில் பாதிப் பேர் ஏறி இறங்கிய பிறகும் அவர் பஸ்ஸில்தான் காரைக்கால் போய்வந்தார். அந்த வருத்தம் பெரியப்பாவுக்கு உள்ளூர இருந்தது.

காரைக்காலில் தன் தம்பி வீட்டுக் காதுகுத்தன்று பெரியம்மா மனசு மாறினார். அன்று வெள்ளிக்கிழமை. சந்தனம் குழைத்து வந்து காருக்குப் பொட்டு வைத்தார். விளக்குகளுக்கு, கதவுகளுக்கு, ஸ்டியரிங்குக்கு, பின்னாலிருந்த பெட்ரோல் மூடிக்கும் தாராளமாக ஒன்று. பெரியப்பாவுக்கு வாயெல்லாம் பல். எட்டு வயதுக்காரியான எனக்கு முன் சீட்டு கிடைத்தது.

ஊர் எல்லையிலேயே கார் விக்கி நின்றது. பெரியப்பா கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றினார். பெட்ரோல் சொட்டுக்கூட வரவில்லை. வாய் வைத்து ஊதினார், துப்பினார். டேங்க் காலியோ என்று மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தார். முக்கால்வாசி இருந்தது. மூடிவிட்டு ஹேண்டில் போட்டுச் சுற்றினால், ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பியது. ஒரு மைல் போய் மறுபடி நின்றது. மறுபடியும் அதே குழாய், அதே குச்சி, அதே கிளம்பல்.

நெரவிக்குப் பக்கத்தில் மூன்றாவது முறை நின்றதும் பெரியம்மா பட்டுப்புடவையைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

"இன்னொரு வாட்டி நின்னுச்சுன்னா நான் பஸ்ல போயிடுவேங்க. ஆயுசுக்கும் இதுல ஏறமாட்டேன்."

பெரியப்பா முகத்தில் ஈயாடவில்லை. நானும் அவரோடு பின்னால் போனேன். மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று காற்று உள்ளே போனது. அவர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதன் வழியாகக் காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் குழாய்க்கு வருமாம். அதன் மேல் பெரியம்மாவின் பொட்டு காய்ந்து இறுகிப்போயிருந்தது.

"பெரியம்மா வச்ச சந்தனந்தானே..." என்று ஆரம்பித்தேன்.

"காரைக்கால் வரைக்கும் ஹாரன் நீதான் அடிக்கணும்" என்றார் அவசரமாக.

என் வாய் தானாக மூடிக்கொண்டது. பொட்டை அழிக்காமல், ஓர் ஈர்க்குச்சியால் ஓட்டையை மட்டும் குத்திவிட்டு, அவர் பெரியம்மாவிடம் போனார்.

"குழாயில தூசி. நான்தான் சுத்தம் பண்ணாம விட்டுட்டேன். ஏறு, வா."

அப்புறம் கார் எங்கும் நிற்கவில்லை. வாத்துக்கு, வைக்கோல் வண்டிக்கு, யாருமே இல்லாத மதகுக்குக்கூட ஹாரன் அடித்தேன். பெரியம்மா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்படி ஒரு சந்தோஷமான பயணம் எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை.

"பொட்டு வச்ச வேளை, வண்டி வழிக்கு வந்துடுச்சு" என்று காதுகுத்து வீட்டில் எல்லோரிடமும் சொன்னார் பெரியம்மா. பெரியப்பா பலமாகத் தலையாட்டினார்.

அதன் பிறகு எல்லா வெள்ளிக்கிழமையும் பெரியம்மா காருக்குப் பொட்டு வைத்தார். அவர் உள்ளே போனதும், பெரியப்பா ஈர்க்குச்சியோடு காருக்குப் பின்னால் போய்க் குனிவார். மூடியில் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துபோகிற விஷயம். அதை ஏன் சொல்லாமலே இருந்தார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.