கண்ணாடிப் பெட்டிக்குள் விட்ட தண்ணீர்

பெல்ஃபாஸ்டில் நடைபாதை ஓரத்துக் கல்லுக்குக்கூட மதம் உண்டு. நான் வேலைக்கு நடந்து போகிற வழியில் ஒரு தெருவில் கற்களுக்குச் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மாற்றி மாற்றிப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அது புராட்டஸ்டண்டுகள் தெரு. நாலு தெரு தள்ளினால் பச்சை, வெள்ளை, ஆரஞ்சு. அது கத்தோலிக்கர் தெரு. நடுவில் வீடுகளைவிட உயரமாக ஒரு சுவர், அதில் ஓர் இரும்புக் கதவு. பொழுது சாய்ந்தால் கதவைப் பூட்டிவிடுவார்கள். சண்டை ஓய்ந்து ஒப்பந்தம் போட்ட பிறகுதான் நான் இங்கே வந்தேன். சுவரை மட்டும் யாரும் இடிக்கவில்லை. திண்டுக்கல்லிலிருந்து நர்ஸ் வேலைக்கு வந்த எனக்கு முதல் மாதம் இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது.

வேலை முதியோர் இல்லத்தில். கூட வேலை பார்க்கிற ஷிவான் என்ற பெண் முதல் வாரமே, "நீ எந்தப் பள்ளியில் படித்தாய்?" என்று கேட்டாள். என் படிப்பைச் சந்தேகப்படுகிறாள் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. டிப்ளமா, மதிப்பெண், ரிஜிஸ்ட்ரேஷன் என்று கடகடவென்று ஒப்பித்தேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதில்லை, சின்ன வயதில்?" என்றாள். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளி என்றேன். "அப்படியானால் நீ நம்ம ஆள்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினாள். இங்கே மதத்தை நேராகக் கேட்க மாட்டார்கள், பள்ளிக்கூடத்தை வைத்துத் தெரிந்துகொள்வார்கள் என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. புதிதாக வருகிறவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

வடமதுரையில் இருக்கிற அம்மாவுக்கு வாரம் ஒரு தடவை போன் செய்வேன். "ரெண்டு பேரும் ஏசுவைக் கும்புடுற வேதக்காரனுங்கதாம்மா. நடுவுல சுவரு கட்டி வச்சிருக்கானுங்க, கிறுக்குப் பயலுக" என்று சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. "ஏலே, நாம மட்டும் என்னத்தக் கிழிச்சோம்?" என்றாள்.

எதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். போனை வைத்துவிட்டேன்.

நம் ஊரில் யாரும் யாரையும் சுடவில்லை, குண்டு வைக்கவில்லை. ஆனால் நாங்கள் ஆர்.சி., அதாவது கத்தோலிக்கர்; அவர்கள் சி.எஸ்.ஐ., புராட்டஸ்டண்டுகள். நாங்கள் பூசைக்குப் போகிறவர்கள், அவர்கள் ஆராதனைக்குப் போகிறவர்கள். எங்களைச் சிலை கும்பிடுகிற கூட்டம் என்பார்கள். அவர்களைப் பிரிந்துபோன கூட்டம் என்போம். பெண் கொடுக்க மாட்டோம், எடுக்க மாட்டோம். தொண்ணூறுகளின் நடுவில் என் தங்கச்சி ஸ்டெல்லா நாகல் நகரில் இருந்த சாமுவேலைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். சாமுவேல் சி.எஸ்.ஐ. கல்யாணம் அவர்கள் கோயிலில் நடந்தது. எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் போகவில்லை. போகக் கூடாது என்று அதிகம் கத்தியது நான்தான்.

ஒரு வருடம் கழித்து அவளுக்கு ஏழாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். ஒரு முழம்கூட இருக்காது. தப்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சேதி கேட்டு நான் ஓடியபோது ஸ்டெல்லா மயக்கத்தில் இருந்தாள், சாமுவேல் ரத்தத்துக்கு அலைந்துகொண்டிருந்தான். அந்த வார்டு நர்ஸ் என்னோடு படித்தவள், எங்கள் பங்குக் கோயிலுக்கு வருகிற பெண். அவள் என்னை உள்ளே விட்டாள். சாகப்போகிற குழந்தைக்குச் சாமியார் இல்லாவிட்டாலும் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று ஞான உபதேச வகுப்பில் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். பாட்டில் மூடியில் தண்ணீர் எடுத்து, பெட்டியின் ஓட்டை வழியாகக் கையை விட்டு, நெற்றியில் மூன்று தடவை ஊற்றினேன். மரியா என்று பெயர் வைத்தேன். குழந்தையின் ஆத்துமத்துக்குப் பயந்து செய்தேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிதான் உண்மை. 'இது எங்க புள்ளடா' என்று மனசுக்குள் ஒரு கொக்கரிப்பும் இருந்தது. மறுநாளே எங்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லிப் பதிவேட்டிலும் ஏற்றிவிட்டேன்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. கிருபா என்று அழைத்தார்கள். ஆறு மாதம் கழித்து அவர்கள் கோயிலில் ஞானஸ்நானம் வைத்தார்கள். வீட்டில் பிரியாணி வெந்துகொண்டிருந்தது. எங்களையும் அழைத்திருந்தார்கள். அழைத்தவர்கள் அவர்கள், அதை மறக்கக் கூடாது. ஐயர் குழந்தையைக் கையில் வாங்கினார். அவர்கள் பாதிரியாரை ஐயர் என்பார்கள். நான் எழுந்தேன்.

"புள்ளைக்கு ஏற்கெனவே ஞானஸ்நானம் ஆயிருச்சுங்கய்யா. எங்க ரிஜிஸ்டர்ல இருக்கு. ரெண்டாந் தடவ குடுக்கக் கூடாது."

ஐயர் விவரம் தெரிந்தவர். ஞானஸ்நானம் ஒரு தடவைதான். தண்ணீர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

சாமுவேலின் அம்மா ஸ்டெல்லா பக்கம் திரும்பினார். "ஏண்டி, ஒனக்குத் தெரியாமயா இது நடந்துச்சு? மடியில இருந்துக்கிட்டே கழுத்தறுத்துட்டியேடி!"

"சத்தியமா எனக்குத் தெரியாது அத்தே." ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். "அண்ணே, நீயாவது சொல்லுண்ணே."

நான் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாது என்று சொன்னால் நான் திருடன். தெரியும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டால், பெற்றவள் சம்மதத்தோடு நடந்த காரியம். அவ்வளவுதான் என் கணக்கு. வாயை மூடிக்கொண்டு வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன். அன்றிலிருந்து அந்த அம்மா ஸ்டெல்லா கையால் சோறு, வெஞ்சனம் எதுவும் வாங்கவில்லை. ஒரே வீட்டில் தனி அடுப்பு. ஸ்டெல்லா என்னோடு பேசுவதை விட்டாள். நான் கடல் தாண்டி வந்துவிட்டேன்.

ஒரு ஜூன் மாதம் இடைவேளையில் ஷிவான் தன் அத்தை கதையைச் சொன்னாள். அத்தை ஒரு புராட்டஸ்டண்டைக் கட்டியதால் அவளைப் பெற்ற அப்பா சாகும்வரை அவள் முகத்தில் விழிக்கவில்லையாம். கேட்டதும் எனக்கு என்னவோ ஆகி, என் கதையைச் சொன்னேன். அழுகையை அடக்கிக்கொண்டு, சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்கிற பாவசங்கீர்த்தனம் மாதிரிதான் சொன்னேன். என் ஆங்கிலம் லட்சணமாக இல்லையோ என்னவோ, அவள் என் முதுகில் தட்டினாள். "நல்ல வேலை செய்தாய். ஓர் ஆத்துமாவைக் காப்பாற்றினாய்." என் டீயையும் அவளே வாங்கித் தந்தாள். என் வாழ்நாளில் எந்தத் திட்டும் எனக்கு அப்படி உறைத்ததில்லை.

அன்றைக்கே போன் செய்திருக்க வேண்டும். கோழை. ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் சாமுவேலைக் கூப்பிட்டேன். அங்கே மத்தியானம்.

"மாப்ள, ஆஸ்பத்திரியில நான் செஞ்சது ஸ்டெல்லாவுக்குத் தெரியாது. அவ மேல ஒரு தப்பும் இல்ல."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும் மச்சான். என் பொண்டாட்டி பொய் சொல்ல மாட்டா. எங்கம்மாதான் நம்பல."

"அப்ப அம்மாகிட்ட குடுங்க. நானே சொல்றேன்."

"அம்மா போயி மூணு நாளாச்சு மச்சான். ஒங்கம்மா இங்கதான் இருக்காங்க."

கேட்கக் கூடாததைக் கேட்டேன். "படுக்கையில கெடந்தப்பயாவது ஸ்டெல்லா கையால தண்ணி..."

"இல்ல. நான் குடுத்தாத்தான் குடிச்சாங்க. பீ மூத்திரம் அள்ளுனது அவ."

நவம்பரில் லீவு போட்டு ஊருக்குப் போனேன். கல்லறைத் திருநாள் அன்று காலையில் எங்கள் கல்லறையில் அப்பாவிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். நாங்கள் அப்படித்தான். செத்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றுவோம், அவர்களிடம் சொல்லி அழுவோம். சாயங்காலம் ஸ்டெல்லாவே என்னை ஆட்டோவில் அவர்கள் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனாள். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாமுவேல் அம்மாவின் புது சிமெண்டுக் கல்லறைக்கு முன்னால் நான் முட்டிபோட்டு, பையிலிருந்து ஒரு மெழுகுவத்தியை எடுத்தேன்.

"அத்தே, நான்தான்..." என்று ஆரம்பித்தேன்.

ஸ்டெல்லா குனிந்து என் தோளைத் தொட்டாள். "எந்திரிண்ணே. எங்க சபையில செத்தவங்ககிட்டப் பேச மாட்டோம்."

அவள் குரலில் கோபமில்லை. எழுந்துவிட்டேன். அவள் முன்னால் நடந்து ஆட்டோவில் ஏறி எனக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள். அந்த மெழுகுவத்தியை அங்கேயும் வைக்க முடியவில்லை, எங்கள் கல்லறைக்குத் திருப்பிக் கொண்டுபோகவும் எனக்கு மனசு வரவில்லை. நாலாம் நாள் துணிகளுக்கு நடுவில் சுற்றிப் பெட்டியில் வைத்து விமானம் ஏறினேன். இப்போது என் அறை ஜன்னலில் கிடக்கிறது, திரி கருகாமல்.