மாமா எண்ணாத பணம்

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்ட வாரத்தில், ஆவடியில் இருந்த எங்கள் குவார்ட்டர்ஸுக்கு மாமா ஒரு துணிப்பையோடு வந்தார். அம்மாவுக்கு ஒரே தம்பி. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். பையைக் கூடத்தில் கவிழ்த்ததும் பத்தும் இருபதுமாகக் கசங்கிய நோட்டுகள் குவிந்தன. சில்லறை உருண்டு பீரோவுக்கு அடியில் ஓடியது. ஐந்நூறு ரூபாய்க் கட்டு ஒன்றும் இருந்தது. அத்தையின் வளையலை அடகு வைத்து வந்த பணம் அது என்று பிறகுதான் தெரிந்தது.

"எவ்ளோ கீதுன்னு தெர்ல மாமா. ஊட்ல இருந்தத வாரிகினு வந்துட்டேன்" என்றார் அப்பாவிடம்.

அப்பா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். மதுரைப் பக்கத்திலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். யாரிடமும் கைமாற்று வாங்காமல் குடும்பம் நடத்துவதில் அவருக்கு ஒரு பெருமை. நோட்டுகளை ஒரே முகமாக அடுக்கி எண்ணினார்; மறுபடியும் எண்ணினார். காசுகளை அடுக்கித் தருவது என் வேலை. மாமா உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்.

"இதெல்லாம் எதுக்கு மாமா?"

"எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தானே மாப்பிள்ளை திருப்பித் தர முடியும்?"

மாமா சிரிக்கப் பார்த்தார். "எங்கக்காவுக்குக் குடுத்தத எவன் திருப்பிக் கேட்டான்?"

எண்ணிக்கை தவறிவிடக் கூடாதென்றுதான் அப்பா நிமிராமல் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பி.எஃப். பணம் கைக்கு வந்த அன்றே அப்பா மாமாவை வரவழைத்து, பணக் கட்டை நீட்டினார். "எண்ணிப் பாத்துக்கோங்க மாப்பிள்ளை." சில்லறை வரைக்கும் சரியாக இருந்தது. ஒருவருக்குச் செய்கிற மரியாதை அதுதான் என்று அவர் மனதார நம்பினார். இன்றும் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

மாமா எண்ணவில்லை. காக்கிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, "அக்கா தூங்குதா? எழுப்பாத கண்ணு" என்று என்னிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்தாரே தவிர, உள்ளே வந்து உட்காரவில்லை. ஆட்டோவை அணைக்காமல் வாசலிலேயே நின்று பேசிவிட்டுக் கிளம்பிவிடுவார். அப்பாவுக்கும் அது வருத்தம்தான். "பைசா பாக்கி வைக்கலையே, இவனுக்கு என்ன கோபம்?" என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்த அன்று, மாமா போன பிறகு நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். அம்மா தூங்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தலையணை நனைந்திருந்தது. தையல் போட்ட இடம் வலிக்கிறது போலிருக்கிறது என்று, வலி மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி விழுங்கினாள். சீக்கிரம் வலி நின்றுவிடும் என்று நம்பி, நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.