ஷிப்டுக்கு ஒரு முடிவு

அந்தப் படத்தின் பெயரைச் சொன்னால் எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் சண்டை வரும். அதனால் சொல்லாமலே விடுகிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த கறுப்பு வெள்ளைப் படம். கதாநாயகன் கிருதாவைக் காது மடல் தாண்டி வளர்த்திருப்பார். கதாநாயகி தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு முதல் பாதி முழுக்கச் சிரித்துக்கொண்டே இருப்பாள். அந்தக் காலத்துப் படத்தில் ஒரு பெண் அவ்வளவு சிரித்தால் பின்னால் அவளுக்கு ஏதோ ஆகப்போகிறது என்று பெரியவர்களுக்குத் தெரியும். எட்டு வயதில் எனக்குத் தெரியாது.

நெய்வேலி டவுன்ஷிப்பில் சினிமா பார்ப்பதற்கென்று ஒரு தனி வழக்கம் இருந்தது. நிலக்கரி மைன்ஸிலும் பவர் ஹவுஸிலுமாக அப்பாக்கள் மூன்று ஷிப்டில் சிதறிக் கிடந்ததால் எந்தக் குடும்பமும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு படத்தை முழுதாகப் பார்த்த நினைவு எனக்கில்லை. நைட் ஷிப்ட்காரர்கள் முதல் ஆட்டத்துக்கு வந்துவிட்டு, முடிவதற்குள் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க எழுந்து ஓடுவார்கள். மிச்சக் கதையை மறுநாள் பஸ்ஸில் யாராவது சொல்வார்கள். சொல்பவர் வாயில் வருவதுதான் கதை. வில்லனை ஜெயிலுக்கு அனுப்புவதா, ஏரியில் தள்ளுவதா என்பது அவரவர் குணத்தைப் பொறுத்தது. கேட்டவர் தன் பங்குக்கு இரண்டு அடி சேர்த்து வீட்டில் சொல்வார். எங்கள் பிளாக்கில் பாதிப் படத்தைக் கண்ணால் பார்த்தவர்களும் மீதியைக் காதால் பார்த்தவர்களும்தான் அதிகம்.

அப்பா மட்டும் இதில் சேர்த்தியில்லை. பார்த்ததை மட்டும்தான் சொல்வார். அதனால் பஸ்ஸில் அவரிடம் யாரும் கதை கேட்க மாட்டார்கள்.

தம்பி பிறப்பதற்கு முன் அம்மாவுக்குக் கால் இரண்டும் வீங்கிப்போய், நாள் நெருங்குவதற்குள்ளேயே மருத்துவமனையில் சேர்க்கச் சொல்லிவிட்டார்கள். சின்னப் பிள்ளைகளை வார்டுக்குள் விட மாட்டார்கள். என்னைப் பார்த்துக்கொள்ள அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, முத்தாண்டிக்குப்பத்திலிருந்து ஒரு பை நிறைய பலாச்சுளையோடு வந்து இறங்கினாள். நான் சுளையையும் தின்றேன், அழவும் செய்தேன்.

"எம்மா நேரந்தான் அழுதுகினே இருப்ப? வா கண்ணு, சினிமாவுக்குப் போலாம்" என்றாள் அத்தை.

என்னைத் தேற்றுவதற்காகத்தான் போனோம் என்று அத்தை இன்றுவரை சாதிக்கிறாள். டிக்கெட் கொடுக்கும் இடத்தில் அவள் முண்டியடித்த வேகத்தை நேரில் பார்த்தவள் நான்.

மேட்னி. அப்பா இரண்டாவது ஷிப்டுக்குப் போயிருந்தார். வாசலில் பாட்டுப் புத்தகம் வாங்கி, அத்தைக்குப் படிக்கத் தெரியாததால் கதைச் சுருக்கத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன். ஒரு குடும்பம், ஒரு காதல், ஒரு கல்யாணம், ஒரு சந்தேகம் என்று போய், சரியான இடம் வந்ததும் மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லி நிறுத்திவிட்டார்கள். அத்தை அந்தப் புத்தகக்காரனைத் திட்டினாள்.

வெள்ளித்திரையில் கண்டது இது. கதாநாயகி கர்ப்பமாக இருக்கிறாள். பாடுகிறாள். மாடிப்படியில் தலைசுற்றி விழுகிறாள். ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியில் படுக்கவைத்து ஒரு நீண்ட நடைவழியில் தள்ளிக்கொண்டு போகிறார்கள். கதவு மூடுகிறது. மேலே ஒரு விளக்கு எரிகிறது. கறுப்பு வெள்ளைப் படமானாலும் அது சிவப்பு விளக்கு என்று எல்லாருக்கும் தெரியும். அதோடு இடைவேளை.

பிறகு விளம்பர ஸ்லைடுகள் ஓடின. சோப்பு, பட்டுப் புடவை, அதற்கடுத்து கையால் எழுதிய ஒரு கண்ணாடி ஸ்லைடு. அவசரமாக யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் அப்படித்தான் பிளாக்கும் தெருவும் வீட்டு நம்பரும் எழுதிப் போடுவார்கள். பெரும்பாலும் யாராவது ஷிப்டுக்கு வராததால் இன்னொருவரை வேலைக்குக் கூப்பிட்டிருப்பார்கள். நம்பர் வந்த ஆள் முனகிக்கொண்டே எழுந்து போவதைப் பார்த்துத் தியேட்டரே சிரிக்கும். அன்றைக்கும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே வாசித்தேன். வாசித்து முடித்த பிறகுதான் அது எங்கள் குவார்ட்டர்ஸ் என்று உறைத்தது.

வெளியே எதிர்வீட்டு மாமா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பவர் ஹவுஸில் வேலை. அத்தையைத் தள்ளிக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னார். ஆனாலும் எனக்குக் கேட்டது.

"ஆபரேஷன் பண்ணணும்னு உள்ள கொண்டு போயிட்டாங்க. மைன்ஸுக்குப் போன் போயிருக்கு. நீங்க நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க, பாப்பாவ நான் கூட்டிட்டுப் போறேன்."

அத்தை மாரியாத்தாளைக் கூப்பிட்டபடியே பஸ்ஸை நோக்கி ஓடினாள். செருப்பு ஒன்று கழன்று விழுந்ததைத் திரும்பி வந்து எடுக்கக்கூட இல்லை. நான்தான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

சைக்கிளின் முன்கம்பியில் அத்தையின் செருப்போடு உட்கார்ந்து வந்தேன். அம்மாவைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் ஏதாவது பதில் வந்துவிடுமே என்ற பயம். அதனால் மற்றவளைப் பற்றிக் கேட்டேன்.

"மாமா, உள்ள கொண்டு போனாங்களே, அவங்க பொழைச்சுக்குவாங்களா?"

சைக்கிள் ஒருமுறை ஆடியது. "யாரு?"

"படத்துல."

மாமா பெரிதாக மூச்சு விட்டார். "ஓ, அவளா! பொழைச்சுக்கிறாளே. ஆபரேஷன் நடக்கும்போது கரண்ட் போயிடும். ஒரே இருட்டு. அப்ப பவர் ஹவுஸ்ல ஒருத்தரு ஓடிப்போயி சுவிட்சப் போடுவாரு. கரண்ட் வந்துடும், பொழைச்சுக்குவா" என்றார்.

எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஆனாலும் வீட்டுக்குப் போனதும் அவர் மனைவியிடமும் கேட்டேன். எதிர்வீட்டம்மாவுக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம். அடுப்பில் தோசையைத் திருப்பியபடி, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "அவளுக்கென்ன சாமி, ஜம்முனு எந்திரிச்சு உக்காந்துக்குவா. அப்புறம் ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போயி நல்லா ரெஸ்ட் எடுக்க வெச்சு, ஆளே குண்டாயிருவா."

கரண்ட்டைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. குண்டாவது எனக்குப் பிடித்திருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் அப்பா வந்தார். மைன்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல் மருத்துவமனைக்குப் போய்விட்டு, அம்மாவின் புடவை எடுக்க வந்திருந்தார். கழுத்து மடிப்பில் பழுப்புக் கரித்தூள் அப்படியே இருந்தது. அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு எந்தப் புடவை என்று தெரியாமல் நின்றார். அவரிடமும் கேட்டேன். அப்பா பொய் சொல்ல மாட்டார். அதனால்தான் அவரிடம் கேட்கப் பயமாகவும் இருந்தது.

"எந்தப் படம்? நான் பாக்கலியே" என்றார்.

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா என் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார்.

"பொழைச்சிக்கினா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நல்லா பொழைச்சிக்கினா. நான் பாத்தன்" என்றார்.

மறுநாள் காலை அத்தை வந்து, வாசலிலேயே என்னைத் தூக்கிச் சுற்றினாள். தம்பி பிறந்திருந்தான். அம்மா கண் விழித்துத் தண்ணீர் கேட்டாளாம். எதிர்வீட்டம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார், மாமா பிளாக் முழுக்கச் சர்க்கரை கொடுத்தார். கூடவே வந்த அப்பா தூணில் சாய்ந்து உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். அப்பாடா என்று ஒரு வீடே மூச்சு விடுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு இப்போதும் சந்தோஷம் என்றால் அந்தக் காலைதான் நினைவுக்கு வரும்.

அந்தச் சந்தோஷத்தில் அத்தையிடமும் படத்தின் முடிவைக் கேட்டுவைத்தேன். "புருசங்காரன் மாரியம்மனுக்கு வேண்டிக்கினு முடி எறக்குறான். அப்பறம் அவ எழுந்துக்கிறா" என்றாள்.

"நீங்கதான் இடைவேளையிலயே வந்துட்டீங்களே?"

"நீ தூங்கறப்ப போயி பாத்துட்டு வந்தன்" என்றாள் அத்தை, கொஞ்சமும் கூசாமல்.

பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து பொய் சொல்வார்கள் என்று எட்டு வயதில் எனக்குத் தோன்றவில்லை. கரண்ட், ஊட்டி, முடி இறக்குவது, எப்படி என்று அப்பா சொல்லாமலே பிழைத்துக்கொள்வது என்று ஒரே படத்துக்கு நாலு முடிவு கையில் இருந்தது. யோசித்துக் கண்டுபிடித்தேன். மைன்ஸில் ஷிப்டுக்கு ஒரு ஆள் மாறுவதுபோல, தியேட்டரில் ஷிப்டுக்கு ஒரு முடிவு மாற்றிப் போடுகிறார்கள். எந்த ஷிப்டுக்குப் போனாலும் அவள் பிழைத்துக்கொள்கிறாள், வழிதான் வேறு. பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னபோது மைன்ஸ்காரர்களின் பிள்ளைகள் யாரும் மறுக்கவில்லை. அவர்கள் வீட்டிலும் ஒரே படத்துக்கு இரண்டு மூன்று முடிவுகள் புழக்கத்தில் இருந்தன.

சில நாள் கழித்து என்னை வார்டுக்குள் விட்டார்கள். அம்மா பாதியாகியிருந்தாள். அவளிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் என் கண்டுபிடிப்பைச் சொன்னேன். அம்மா தையல் போட்ட வயிற்றைத் தலையணையால் அமுக்கிக்கொண்டு சிரித்தாள். நர்ஸ் வந்து இருவரையும் அதட்டினார்.

"அப்பாகூடவா சொன்னாரு?" என்றாள் அம்மா.

"பாத்தேன்னே சொன்னாரு."

அம்மா தலையணையை நகர்த்தி எனக்குப் பக்கத்தில் இடம் விட்டாள். பிறகு, "எல்லாத்தையும் முதல்லேருந்து இன்னொரு தடவ சொல்லு" என்றாள்.

இந்தப் பொங்கலுக்கு, நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து கிராமத்தில் இருக்கும் வீட்டில் எல்லாரும் கூடினோம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அப்பா கட்டிய வீடு அது. அப்பா இப்போது இல்லை. பேச்சுவாக்கில் அந்தப் படம் வந்தது. அவ்வளவுதான். மாரியம்மன் கோயிலில் முடி இறக்கிய காட்சியைத் தன் கண்ணாலேயே பார்த்ததாக அத்தை சத்தியம் செய்தாள். எதிர்வீட்டு மாமாவும் நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறார். போனில் கேட்டால், பவர் ஹவுஸ் காட்சியில் அந்த நடிகர் கையுறையைத் தப்பாகப் போட்டிருந்தார் என்று குறை வேறு சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. ஐம்பது வருடமாகச் சொல்லிச் சொல்லி, இப்போது அவருக்குக் காட்சியே தெரிகிறது.

தம்பி தன் செல்போனில் படத்தைத் தேடி எடுத்துவிட்டான். அவள் இடைவேளை முடிந்த கொஞ்ச நேரத்திலேயே செத்துப்போகிறாள். குழந்தை அழும் சத்தம் கேட்கிறது, டாக்டர் கண்ணாடியைக் கழற்றுகிறார்.

"இது வேற படம்" என்றாள் அத்தை.

நான் அம்மாவைத்தான் பார்த்தேன். அவள் வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"ஏம்மா, உனக்கு ஒண்ணும் தோணலையா?"

"எனக்கு எதுக்குடி தோணணும்? ஆஸ்பத்திரில சேர்றதுக்கு முன்னாடியே எதிர்வீட்டம்மாகூடப் போயி இதப் பாத்துட்டனே."

செல்போனைத் தம்பி அணைத்துவிட்டான்.

"என்ன உள்ள தள்ளிக்கினு போனப்ப மேல வெளக்கு எரியுதான்னுதான் பாத்துக்கினு போனன். பொறவு முழிப்பு வந்தும் நம்பிக்க வரல. யாரு என்ன சொன்னாலும் சும்மா சொல்றாங்கன்னே தோணுச்சு. நீ வந்து நாலு விதமா அவ பொழைச்சிக்கினான்னு சொன்ன பாரு, அதக் கேக்கக் கேக்கத்தான் வெளிய வந்துட்டன்னு எனக்கே தெரிஞ்சிது" என்றாள் அம்மா.

அன்றைக்கு அந்த வார்டில் எனக்கு இது எதுவும் தெரியாது. முதலிலிருந்து சொல் என்று அம்மா மூன்றாவது தடவையும் கேட்டபோது எனக்குச் சலிப்பாக இருந்தது. வெளியே அத்தை பலாச்சுளையோடு காத்திருந்தாள். ஊட்டியை விட்டுவிட்டு, கரண்ட் வந்ததை மட்டும் சொல்லிக் கதையைச் சீக்கிரம் முடித்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.