நான்கு கட்டங்களில் எழுதாதது

எங்கள் வீட்டில் காய்ச்சல் என்று ஒப்புக்கொள்ள நூற்றியொரு டிகிரி வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் பள்ளிக்கூடம் போக வேண்டும். இது நான் போட்ட சட்டம். தில்லியில் என்னோடு வேலை பார்க்கும் நர்ஸ்களில் பலருடைய வீடுகளிலும் இதே சட்டம்தான் என்பது பேச்சுவாக்கில் தெரியவந்தது. நாள் முழுவதும் வயிற்றைத் திறந்து மூடியவர்களையும் மூக்கில் டியூப் மாட்டியவர்களையும் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு, வீட்டில் ஒருவர் தலை வலிக்கிறது என்றால் காதில் ஏறுவதில்லை. "என் வார்டுல வந்து பாருங்க" என்று சொல்லத் தோன்றும். சொல்லியும் இருக்கிறேன்.

அறுவைசிகிச்சை வார்டில் எனக்கு இது இருபத்தெட்டாவது வருடம். டியூட்டியில் தண்ணீர் குடிக்கும் நேரத்தையும் கழிவறைக்குப் போகும் நேரத்தையும் நான்தான் முடிவு செய்வேன். பதினோரு மணிக்குப் பசித்தால் இரண்டு மணிவரை காத்திருக்க வைப்பேன். ஆரம்பத்தில் சிரமமாக இருந்தது. நாற்பது வயதுக்குள் உடம்பு கேட்பதை நிறுத்திவிட்டது. அதைத்தான் ஆரோக்கியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொரோனா காலத்தில் ஒரு நோட்டுப் போட்டேன். கணவர், மகள், நான் என்று ஆளுக்கு ஒரு வரி. வெப்பம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்ஸிஜன் என்று நான்கு கட்டங்கள். காலை 5.50-க்கு மூவருக்கும் பார்த்து எழுதிவிட்டுத்தான் பால் காய்ச்சுவேன். அந்த வருடம் எங்கள் பிளாக்கில் இரண்டு சாவு. எங்கள் வீட்டில் ஒன்றும் ஆகவில்லை. நோட்டுதான் காப்பாற்றியது என்று நம்பினேன். தொற்று போன பிறகும் நிறுத்தவில்லை.

என் கணவர் லக்ஷ்மிபாய் நகர்ப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர். சிறு வயது முதல் தடித்த கண்ணாடி போட்டவர். திருநெல்வேலிக்காரர், தில்லிக்கு வந்து கால் நூற்றாண்டு ஆகியும் பேச்சு மாறவில்லை. தன் உடம்பைப் பற்றி அதிகம் சொல்கிறவரும் அல்ல. அதனால் அவர் ஒன்று சொன்னால் அதற்கு எடை கூட என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நவம்பர் மாதம், ஒரு புதன்கிழமை காலை. ஆர்.கே.புரம் முழுவதும் புகை மண்டியிருந்தது.

"ஏட்டி, இடது கண்ணுல கொசு மாதிரி என்னமோ பறக்குது."

"தில்லி முழுக்கப் பறக்குது அத்தான். எதிர் பிளாக்கே தெரியல, பாருங்க."

"இது வெளிய இல்ல. கண்ண மூடினாலும் ஓரத்துல பளிச்சுன்னு அடிக்குது, கேட்டியா?"

"ராத்திரி பதினொண்ணு வரைக்கும் போனப் பாத்தா அடிக்கத்தான் செய்யும்."

நான்கு கட்டங்களையும் நிரப்பினேன். அடியில் சின்ன எழுத்தில் "கண் எரிச்சல், புகையினால்" என்று குறித்தேன். எரிச்சல் என்ற சொல்லை அவர் சொல்லவே இல்லை. இப்போது அந்தப் பக்கத்தைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். நோயாளி சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுத வேண்டும் என்று புதிதாக வரும் நர்ஸ்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும்போது மகள் ஆரம்பித்தாள்.

"மம்மி, டாடிய கண் டாக்டர்கிட்ட காட்டுங்க. உங்களுக்கு ஹாஸ்பிடல்ல இவ்வளவு ஜான்-பெஹ்சான், தெரிஞ்சவங்க இருக்காங்க."

"தில்லியில ஒன்றரைக் கோடிப் பேருக்குக் கண்ணு எரியுது. எல்லாரையும் கூட்டிட்டுப் போறேன். ஜல்தி செருப்பப் போடு."

"நம்ம வீட்ல செத்தாகூட மம்மி ரீடிங் பாத்துட்டுதான் நம்புவாங்க" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை, ஏழாம் நாள். காலையில் கையை நீட்டியவர், ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றும் முன்பே சொன்னார்:

"எனக்கு என்னமோ சரியாப் படல. ஒடம்பு சொல்லுது."

காற்றை ஏற்றி இறக்கினேன். 126/80. நாடி 72. ஆக்ஸிஜன் 98.

"எல்லாம் நார்மல். ஒடம்பு வேற என்னத்தச் சொல்லுதாம்?"

"அப்ப நாந்தான் பொய் சொல்லுதேன் போல" என்று சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். அவராகவே போய்க் காட்டியிருக்கலாம் என்று பின்னாளில் எனக்கு நானே பலமுறை வாதாடியிருக்கிறேன். வாதம் நிற்கவில்லை. நர்ஸ் மனைவி நார்மல் என்று சொன்ன பிறகு எந்த முகத்தோடு அவர் தனியாகப் போய் வரிசையில் நிற்பார்?

பதினோராம் நாள், சனிக்கிழமை. முகம் மழிக்கக் கண்ணாடி முன்னால் நின்றவர் என்னைக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை.

"கீழ இருந்து கறுப்பா ஏறி வருது. என் தாடை எனக்குத் தெரியல."

அந்த வாக்கியம் முடியும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. விழித்திரை பிரிவது பற்றிப் பயிற்சிக் காலத்தில் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். கிட்டப்பார்வைக்காரர்களுக்கு அதிகம் வரும். முதலில் பூச்சி பறக்கும், பிறகு வெளிச்சம் அடிக்கும், பிறகு திரை விழும். அதே வரிசையில் சொல்லியிருந்தார். பூச்சி என்பதற்குப் பதில் கொசு என்று சொன்னதுதான் வித்தியாசம்.

ஆட்டோவில் கண் மருத்துவமனைக்குப் போனோம். நான் வேலை பார்க்கும் இடம் அல்ல. அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. டாக்டருக்கு முப்பது வயது இருக்கும்.

"கப் சே ஹை, அங்கிள்?"

"கல் ஷாம் சே" என்றார் என் கணவர். நேற்று மாலையிலிருந்து என்று.

நோட்டு என் கைப்பையில் இருந்தது. பதினோரு நாள், பதினோரு வரி. பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

டாக்டர் விளக்கை வைத்து நெடுநேரம் பார்த்தார். "யே கல் கா நஹீ ஹை, அங்கிள்" என்றார். நேற்று ஆரம்பித்தது இல்லை இது. ஒரு வாரமாவது ஆகியிருக்கும் என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். குற்றம் சாட்டும் குரலில் கேட்கவில்லை. என்ன வேலை பார்க்கிறேன் என்று, பேச்சுக்கு நடுவே கேட்கும் சாதாரணக் கேள்வி.

"ஆன்ட்டி, ஆப் க்யா கர்தீ ஹை?"

"கர் பே ஹீ ரஹ்தீ ஹூன்" என்றேன். வீட்டில்தான் இருக்கிறேன் என்று.

என் கணவர் என்னைப் பார்த்தார். இடது கண்ணில் மருந்து விட்டிருந்ததால் தலையை முழுவதும் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு டாக்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் சொன்ன பொய் எனக்காக. நான் சொன்னதும் எனக்காகத்தான்.

அன்று மாலையே அறுவைசிகிச்சை நடந்தது. முதல் வாரத்தில் வந்திருந்தால் லேசரோடு போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். இப்போது விழித்திரையின் நடுப்பகுதியே பிரிந்துவிட்டது. எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது. கண்ணுக்குள் காற்று ஏற்றியிருந்ததால் பத்து நாள் குப்புறப் படுக்க வேண்டும். அந்தப் பத்து நாளும் விடுப்பு எடுத்து, மணிக்கு மணி பார்த்து, ஒரு நிமிடம்கூடப் பிசகாமல் மருந்து விட்டேன். சாப்பாட்டைத் தட்டில் வைத்துக் கட்டில் விளிம்பில் தொங்கும் முகத்துக்குக் கீழே நீட்டினேன். பேசியதெல்லாம் அவருடைய பின்னந்தலையோடுதான்.

"மன்னிச்சிருங்க அத்தான்."

"நீ என்ன செய்வ. எல்லாம் நார்மலாத்தான இருந்துச்சு."

தலையணைக்குள்ளிருந்து வந்த குரலில் கேலி இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. முகம் தெரிந்திருந்தால் தெரிந்திருக்கும்.

இடது கண்ணுக்கு இன்று வெளிச்சம் தெரிகிறது. முன்னால் கை அசைந்தால் அசைவது தெரிகிறது. அவ்வளவுதான். ஒற்றைக் கண்ணில் தூரம் பிடிபடாமல் முதல் மாதம் காபியைத் தம்ளருக்கு வெளியே ஊற்றினார். கரும்பலகைக்கு இரண்டு அங்குலம் முன்னாலேயே சாக்பீஸை வைத்து எழுதப் போனபோது பிள்ளைகள் சிரித்ததை அவரே வந்து சொன்னார். தன் உடம்பைப் பற்றி அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். ஸ்கூட்டரை விற்றார். பஸ்ஸில் போய்வருகிறார். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்பார். கோபம் இல்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதில்லை. மழை வந்தால் முழங்கால் வலிக்கிறது என்று முன்பெல்லாம் முனகுவார். இந்த வருட மழையில் ஒரு சொல் இல்லை.

நோட்டை நான் தொடுவதில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்ததும் அவர் பால்கனியில் நின்று ஊரில் இருக்கும் தன் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

"வலது கால் பெருவிரல் மரத்துப் போவுதுக்கா. செருப்பு கழண்டு விழுந்தாலும் தெரிய மாட்டேங்குது. ரெண்டு மாசமா இருக்கு... அவகிட்டயா? சொல்லல."

தண்ணீரை நிறுத்திவிட்டு நின்றேன். அக்கா ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"நீன்னா நம்புவ. அதுக்குத்தான் ஒங்கிட்ட சொல்லுதேன்."

அவர் உள்ளே வந்ததும் நேராகக் கேட்டேன். "கால் மரத்துப் போகுதா அத்தான்?"

"ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கு."

"நான் கேட்டேன், நீங்க அக்காட்ட சொன்னத."

அவர் போனைச் சார்ஜில் போடப் போனார். கெஞ்சித்தான் டாக்டரிடம் போகச் சம்மதிக்க வைத்தேன். சொந்தக் கணவரிடம் அப்படிக் கெஞ்சியது அதுவே முதல் முறை. திங்கட்கிழமை காலை என் மருத்துவமனையிலேயே நேரம் வாங்கினேன். மகள் அப்போது பக்கத்தில் இருந்திருந்தால் இப்போதாவது ஜான்-பெஹ்சான் உதவியதே என்று சொல்லியிருப்பாள்.

அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். நானும் எழுந்தேன். அவர் கதவின் கைப்பிடியை ஒருமுறை தவறவிட்டு மறுமுறை பிடித்தார்.

"நீ இங்கனயே இரி" என்றார்.

கதவு மூடியது. யூனிஃபார்மில் நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்து வரிசையில் இருந்த ஒரு கிழவர், இன்னும் எவ்வளவு நேரமாகும் சிஸ்டர் என்று இந்தியில் கேட்டார். தெரியாது என்றேன். உள்ளே என் கணவர் நிறைய நேரம் பேசினார். குரல் மட்டும் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை.