புளியங்கொட்டை லோடும் நானும்

லாரியில் ஏறுவதற்கான முதல் படி என் முழங்கால் உயரத்துக்கு இருந்தது. சேலையோடு அதில் எப்படிக் கால் வைப்பது என்று தெரியாமல், பாப்பாரப்பட்டியில் புளி மண்டிக்கு முன்னால், காலை வெயிலில், கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மண்டியில் புளி தட்டும் பெண்கள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவள் நான். ஒரு முறை ஏறப் பார்த்து, சேலை மாட்டிக்கொண்டு, திரும்ப இறங்கினேன். ஓட்டுநர் இருக்கையில் இருந்த என் வீட்டுக்காரர் இந்தப் பக்கமாக நகர்ந்து வந்து, குனிந்து, கையை நீட்டினார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடங்களில் நாலு பேர் பார்க்க அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. "கெட்டியாப் புடி" என்றார். பிடித்தேன். அடுத்த நொடி மேலே இருந்தேன். அந்த உயரத்திலிருந்து பார்த்தபோது இத்தனை வருடங்கள் நான் நடந்த தெரு வேறு எங்கோ இருக்கும் தெரு போலத் தெரிந்தது. என் தையல் கடைக் கூரையின் மேல் யாரோ எறிந்த ஒற்றைச் செருப்பு ஒன்று கிடந்தது. அது எத்தனை காலமாக அங்கே கிடந்ததோ.

அப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது. தெற்கே சேலம், மேற்கே ஒகேனக்கல், வடக்கே மகளைக் கட்டிக் கொடுத்த ஓசூர். என் உலகம் அவ்வளவுதான். அவரோ மாதத்தில் இருபது நாள் ரோட்டில் இருப்பவர். சொந்த லாரி. எங்கள் பக்கத்துப் புளியங்கொட்டையை ஏற்றிக்கொண்டு குஜராத் வரைக்கும் போவார். அவர் வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் துவைக்கும்போது சட்டையில் வரும் டீசல் வாடை மட்டும்தான். வீட்டுக்கு வந்தால் சாப்பிடுவார், தூங்குவார், கேட்டால் பதில் சொல்வார். கூடப் போகும் மாற்று ஓட்டுநருக்கு அந்த ஆடி மாதம் குடலிறக்க ஆபரேஷன் ஆகிவிட்டது. லோடு ஏற்றிய வண்டி இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் காலை சாப்பாட்டில், இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்பது போல, "பேச்சுத் தொணைக்கு நீ வரயா?" என்று கேட்டார். ஆடியில் கல்யாணம் கிடையாது, கல்யாணம் இல்லாவிட்டால் தையலும் கிடையாது. மகன் பெங்களூரில் வேலையில் இருந்தான். மறுப்பதற்கு ஒரு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை. கிடைக்காததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதை முகத்தில் காட்டிக்கொள்ளாமல் "சரிங்க" என்றேன்.

பையின் அடியில் ஒரு ரகசியம் வைத்திருந்தேன். ஊரில் பாதிப் பெண்களுக்குச் சுடிதார் தைத்தவள், எனக்கென்று ஒன்று தைத்துக்கொண்டதில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் கடையைச் சாத்திக்கொண்டு, நாவல்பழ நிறத்தில் ஒன்றை ஒரே மூச்சில் தைத்து முடித்தேன். ஓசூரைத் தாண்டி, பெயர்ப் பலகைகளில் கன்னடம் வர ஆரம்பித்ததும் டீக்கு நிறுத்தினார். பெட்ரோல் பங்கின் குளியலறைக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தேன். டம்ளரை வாயில் வைத்தபடி ஒரு தடவை பார்த்தார். அப்புறம் இன்னொரு தடவை பார்த்தார்.

"நல்லாத்தான இருக்குது. இத வூட்லயே போட்டுகிட்டு வந்திருந்தா, அவ்ளோ பேரு முன்னாடி உன்னத் தூக்க வேண்டியதில்ல பாரு" என்றார்.

"தூக்கட்டும்னுதாங்க போடல" என்றேன். அப்படிப் பேசக்கூடியவள் நான் என்பது அதுவரை எனக்கே தெரியாது.

சித்ரதுர்காவை நெருங்கும்போது மலை முகடெல்லாம் காற்றாலைகள். எண்ண ஆரம்பித்து நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டேன். ஒவ்வொரு ஊர்ப் பெயரையும் சத்தமாகப் படிக்கச் சொல்லி அவரைத் தொந்தரவு செய்தேன். அவரும் சலிக்காமல் படித்தார். ஒவ்வொரு ஊருக்கும் அவரிடம் ஒரு கதை இருந்தது. இந்த ஊர்ப் பாலத்தில் வெள்ளம் வந்து மூன்று நாள் நின்றோம், அந்த ஊரில் வெங்காயம் மலிவு, இதோ இந்த மரத்தடிதான் நாங்கள் சமைக்கும் இடம். அந்த மரத்தடியில் வண்டியை நிறுத்தி, பின்னால் இருந்த பெட்டியைத் திறந்து, அடுப்பு, தண்ணீர், கேழ்வரகு மாவு, களிக்கோல் எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். நான் எழுந்தேன். "ஒக்காரு" என்றார். வீட்டில் தண்ணீர்கூட மொண்டு குடிக்காத மனிதர், இரண்டு காலாலும் பாத்திரத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டு கட்டி தட்டாமல் களி கிண்டினார். தக்காளியைச் சுட்டு, பச்சை மிளகாயோடு கல் உப்பு போட்டுக் கையால் பிசைந்தார். அந்தக் களிக்கு ஈடான களியை நான் கிண்டியதில்லை.

"இவ்ளோ நல்லா ஆக்கறீங்க. இருபத்திரண்டு வருசமா ஒரு நாளு சொல்லலயே?"

"வூட்ல நீ இருக்கறயில்ல. இங்க யாரு இருக்கறா?"

சிரித்தேன். அவர் ஊரில் இல்லாத நாட்களில் நானும்தான் தனியாக இருந்தேன். அவரும் எங்கோ ஒரு மரத்தடியில் தனியாக இருந்திருக்கிறார் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. சுங்கச் சாவடிக்காரர்களோடு கன்னடத்தில் கேலி பேசினார். கோலாப்பூர் பக்கத்து டாபாவில் முதலாளியம்மா அவரைக் கண்டதும் கேட்காமலேயே மோர் கொண்டுவந்து வைத்தாள். என்னைக் காட்டி அவர் இந்தியில் ஏதோ சொன்னார், அவள் ஓடிவந்து என் கன்னத்தைத் தடவினாள். "என்ன சொன்னீங்க?" என்றேன். "கடைசில கூட்டிட்டு வந்துட்டேன்னு சொன்னேன்" என்றார். அப்படியானால் என்னைப் பற்றி அங்கே முன்பே பேச்சு நடந்திருக்கிறது.

புனேவைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. லோனாவாலாவில் மலைமேல் எங்கு பார்த்தாலும் வெள்ளிச் சரிகை போல அருவிகள். நான் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டி நனைந்துகொண்டிருந்தேன். அங்கிருந்து ரோடு மலையை விட்டுக் கீழே இறங்குகிறது. இறக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவர் வண்டியை ஓரம் கட்டினார். டயர் பார்க்க வேண்டும் என்று மழையில் இறங்கினார். பத்து டயரையும் தட்டிப் பார்த்துவிட்டு ஏறினார். மறுபடியும் இறங்கினார். மூன்றாம் முறை ஏறி உட்கார்ந்தபோதுதான் ஸ்டீயரிங்கின் மேல் இருந்த கைகளைப் பார்த்தேன். இரண்டு கையும் நடுங்கின.

"குளிருங்களா?" என்றேன்.

முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு சொன்னார். போன வருடம் தொப்பூர் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபோது பெடல் வெறுமனே உள்ளே போனதாம். முன்னால் ஒரு பஸ், பஸ்ஸின் பின் கண்ணாடியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் முகங்கள். வண்டியை மலைப் பக்கம் திருப்பி, பாறையில் உரசி உரசி நிறுத்திவிட்டார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் அன்றிலிருந்து இறக்கம் என்றால் கை இப்படி ஆகிவிடுகிறது. எல்லா இறக்கத்திலும் மாற்று ஓட்டுநர்தான் ஓட்டினான். அவனைத் தவிர யாருக்கும் தெரியாது. வண்டியின் இடது பக்கம் நெளிந்திருந்ததை நான் பார்த்திருந்தேன். மண்டிச் சுவரில் இடித்துவிட்டது என்று சொல்லியிருந்தார்.

"அப்பறம் என்ன எதுக்குங்க கூட்டிட்டு வந்தீங்க?"

"நீ பக்கத்துல இருந்தா தைரியம் வரும்னு நெனச்சேன். இப்ப நீ இருக்கறதுதான் பயமா இருக்குது."

கோபம் வந்தது. ஒரு வருடமாக இதை மனசுக்குள் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் உட்கார்ந்து குழம்பு ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறாரே என்ற கோபம். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தேன். எனக்கு லாரியைப் பற்றி ஒன்றும் தெரியாது. பயத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். கடை போட்ட புதிதில் மோட்டார் மெஷினின் ஊசி என் ஆள்காட்டி விரலில் இறங்கி மறுபக்கம் வந்துவிட்டது. புண் ஆறியும் பத்து நாள் மெஷினில் கால் வைக்க முடியவில்லை. கடைசியில், செய்யும் ஒவ்வொன்றையும் வாயால் சொல்லிக்கொண்டே தைத்தேன். இப்போது துணியை வைக்கிறேன், இப்போது துணியை அழுத்தும் பாதத்தை இறக்குகிறேன், இப்போது மிதிக்கிறேன். வாய் பேசிக்கொண்டிருந்தால் கை தன் வேலையைப் பார்த்தது.

"ஒண்ணும் தெரியாதவளுக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுக்கற மாதிரி, பண்றது எல்லாத்தயும் சத்தமா சொல்லிகிட்டே ஓட்டுங்க. நான் திருப்பிச் சொல்றேன். எனக்குப் புரியலன்னா நிறுத்திடுங்க" என்றேன்.

வண்டியைக் கிளப்பினார்.

"ரெண்டாங் கியரு."

"ரெண்டாங் கியரு."

"எறக்கத்துல கியருதான் வண்டியப் புடிக்கும். பிரேக்க மிதிச்சுகிட்டே இருக்கக் கூடாது, சூடாயிரும். மிதிச்சு, விடணும்."

"மிதிச்சு, விடணும்."

முதல் வளைவில் அவர் குரல் உடைந்திருந்தது. வைப்பரின் சத்தத்தோடு சத்தமாக நான் கத்தினேன். இரண்டாவது வளைவில் ஒரு பஸ் எங்களை உரசுவது போல முந்திப் போய் முன்னால் நுழைந்தது. அவர் சொல்வதை நிறுத்திவிட்டார். "இப்ப என்ன பண்றீங்க? சொல்லுங்க" என்றேன். "எடம் உடறேன்" என்றார். "எடம் உடறீங்க." அதற்குள் சூழ்ந்துவிட்ட பனிமூட்டத்தில் முன்னால் போகும் சிவப்பு விளக்குகள் மட்டும் தெரிந்தன. நான்காவது வளைவுக்குள் அவர் என்னைத் திட்ட ஆரம்பித்துவிட்டார். "கிளச்சுன்னு சொல்றேன், பிரேக்குன்னு சொல்ற. காது கேக்குதா இல்லயா?" என்றார். அந்தத் திட்டு எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று சொல்லி முடியாது. சீக்கிரத்தில் பனி விலகியது. கீழே, மழையில் பளபளக்கும் சமவெளி முழுவதும் ஒரே நேரத்தில் கண்ணில் விழுந்தது. நான் கைதட்டினேன். அவர் சிரித்தார். அப்புறம் சிரித்துக்கொண்டே அழுதார். இரண்டு பேரும் அடிவாரத்தில் வடாபாவ் வாங்கி, வண்டியின் மறைவில் நின்று ஆளுக்கு மூன்று தின்றோம்.

சூரத்துக்கு அருகில் ஓர் ஆலையில் லோடு இறங்கியது. புளியங்கொட்டையைத் தோல் நீக்கி மாவாக அரைத்து, துணிக்குக் கஞ்சி போடவும், சாயம் பரவாமல் அச்சடிக்கவும் அனுப்புகிறார்களாம். அந்த மாவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். எங்கள் ஊர்ப் பெண்கள் தட்டிப் பிரித்த கொட்டை, பூப்போட்ட துணியாகி என் மெஷினுக்கே திரும்பி வந்திருக்கிறது. எத்தனை ஆயிரம் மீட்டர் வெட்டியிருப்பேன். ஒரு நாளும் தெரியவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாம் தெரியும் என்று எனக்குள் நினைத்துக்கொண்டிருந்த பெண் அந்த ஆலை வாசலோடு போய்விட்டாள்.

திரும்பும் வழியில் ஒதுக்கி வைத்த கோபத்தை எடுத்தேன். சிக்கோடி பக்கத்திலிருந்து ஹூப்ளி வரைக்கும் சண்டை. இனி எதையும் மறைக்கக் கூடாது என்றேன். "சரி" என்றார். "அப்பறம், எனக்கு இத ஓட்டக் கத்துக்குடுங்க" என்றேன். வண்டி லேசாக ஆடியது.

ஊரில் சிரித்தார்கள். மகன், "இந்த வயசுல எதுக்கும்மா?" என்று போனில் கேட்டான். மகள் மட்டும் எனக்கு இரண்டு சுடிதார் துணி எடுத்து அனுப்பினாள். முதலில் தர்மபுரியில் கார் பழகி லைசென்ஸ் எடுத்தேன். ஒரு வருடம் காத்திருந்து கனரக வாகனத்துக்கு விண்ணப்பித்தேன். எட்டுப் போட்டுக் காட்டும்போது ஒவ்வொன்றையும் வாயால் சொல்லிக்கொண்டே போட்டேன்.

இன்று எனக்கு ஐம்பது. கடை மாதத்தில் பதினைந்து நாள்தான் திறந்திருக்கும். மீதி நாள் ரோட்டில் இருக்கிறேன். அவருக்கு இறக்கத்தில் பயம் முழுதாகப் போய்விடவில்லை. சில நாள் ஓட்டுவார், சில நாள் பேசாமல் எழுந்து எனக்கு இடம் விடுவார். இரண்டும் எங்களுக்குச் சாதாரணமாகிவிட்டது. இப்போது மலைப்பாதைகளைவிட அடிக்கடி நான் நினைத்துக்கொள்வது வேறொன்றை. லோடோடு முதன்முதலாக நான் ஓட்டிய அன்று, தாவணகெரே தாண்டிய நேர் ரோட்டில், நல்ல நண்பகல். பக்கத்திலிருந்து அவர் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். இடது கண்ணாடியைப் பார், அந்த டிராக்டரை நம்பாதே, மூன்றாவது கியருக்கு வா. நானும் வந்தேன், போனேன், பார்த்தேன். ஒரு கட்டத்தில் சத்தம் நின்றுவிட்டது. என்ன தப்புச் செய்தேனோ என்று பயந்து, கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல், "ஏங்க?" என்றேன். கொஞ்சம் வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்தேன். இன்னொருவர் ஓட்டும்போது எந்த ஓட்டுநரும் லேசில் கண்ணை மூடமாட்டார். அவர் வாயைத் திறந்துகொண்டு, தலையைக் கதவில் சாய்த்து, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் நான்காவது கியருக்கு மாறினேன்.